டெண்டர் தோற்ற முதல் வாரம்: தென்னாப்பிரிக்காவில் அரசு ஐடி ஒப்பந்த முடிவை எதிர்ப்பது எப்படி?

"உங்கள் விண்ணப்பம் வெற்றி பெறவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." இரண்டு வரிக் கடிதம். வேலை யாருக்குப் போனது, என்ன விலைக்குப் போனது, நமக்கு எத்தனை புள்ளி கிடைத்தது, எதுவும் அதில் இருக்காது. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மிட்ராண்டிலோ குடும்பமாக நடத்தும் சிறு ஐடி நிறுவனத்துக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் நடப்பது இதுதான். "நாளைக்கே கோர்ட்டுக்குப் போவோம் அண்ணே" என்று தம்பி கொதிப்பார். "பொறுடா, அடுத்த வருஷமும் அதே ஆபீஸில்தான் டெண்டர் போடணும், பகைச்சுக்க வேண்டாம்" என்பார் அண்ணன். பேச்சிலேயே மூன்று வாரம் போய்விடும். அதற்குள் வென்ற நிறுவனம் சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மென்பொருள் உரிமங்களுக்கு ஆர்டர் கொடுத்து, பழைய சர்வரிலிருந்து தரவை நகர்த்தத் தொடங்கியிருக்கும்.

அந்த மூன்று வாரத்தின் விலை பெரியது. முடிவு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டாலும், ஒப்பந்தத்தைக் கட்டாயம் கலைத்துவிடும் என்பதில்லை. 2010இல் மோசெமே சாலைக் கட்டுமான வழக்கில் வேலை வெகுதூரம் நடந்துவிட்டதையும் பார்த்த உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தைக் கலைக்க மறுத்தது. சமூக உதவித்தொகை வழங்கும் ஒப்பந்தம் பற்றிய ஆல்பே வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2013இல் டெண்டர் செல்லாது என்றது. ஆனால் மக்களுக்குப் பணம் போவது நின்றுவிடக் கூடாது என்பதற்காக 2014இல் அந்த அறிவிப்பின் விளைவையே நிறுத்திவைத்தது. மருத்துவமனைப் பதிவேடோ சம்பளப் பட்டியலோ புதிய கணினி அமைப்பில் ஓடத் தொடங்கிவிட்டால் நீதிபதிக்கு அதைப் பிடுங்கத் தயக்கம் வரத்தான் செய்யும். போன லாபத்தை நஷ்டஈடாகக் கேட்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். நேர்மையாக நடந்த தவறுக்கு நஷ்டஈடு கிடையாது என்று 2007இல் ஸ்டீன்காம்ப் வழக்கு சொல்லிவிட்டது. எனவே வேலை தொடங்குமுன் நிறுத்துவதுதான் உண்மையான நிவாரணம்.

முடிவெடுத்தது யார்?

எந்தக் கதவைத் தட்டுவது என்பது இதைப் பொறுத்தது. மத்திய, மாகாணத் துறைகளுக்கு 1999ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டம். நகராட்சிகளுக்கு 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம். ஐடியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 1998ஆம் ஆண்டின் 88ஆம் எண் சட்டப்படி அரசுத் துறைகள் ஐடி கொள்முதலை சிட்டா எனப்படும் அரசுத் தகவல் தொழில்நுட்ப முகமை வழியே செய்து வந்தன. 2025 மே மாதம் வெளியான புதிய ஒழுங்குமுறைகள் சில நிபந்தனைகளோடு துறைகள் வெளியே வாங்கவும் இடம் கொடுத்தன. ஆகவே டெண்டரை விளம்பரம் செய்தது சிட்டாவா, மதிப்பிட்டது சிட்டாவா, இறுதிக் கையெழுத்துத் துறையின் தலைவரான கணக்கு அதிகாரியுடையதா என்று பார்த்து எழுதிவையுங்கள். நீங்கள் எழுதும் கடிதம் சிட்டா, துறை இருவருக்கும் போக வேண்டும். வழக்கானால் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். வென்ற நிறுவனத்தையும் சேர்த்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுத் தொடுத்த மனு விசாரணை நாளன்றே தள்ளிப்போகும், அத்தோடு அவசரம் என்ற வாதமும் பலவீனமாகும்.

நகராட்சி டெண்டர் என்றால் உள்முறையீடு, அதாவது நீதிமன்றத்துக்கு முன் அந்த அமைப்பிடமே செய்யும் முறையீடு, முக்கியம். நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 62ஆம் பிரிவில், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் மேல்முறையீடு. நகராட்சி விநியோகச் சங்கிலி ஒழுங்குமுறைகளின் 49ஆம் விதியில் ஆட்சேபம் தெரிவிக்க 14 நாள். எது பொருந்தும் என்ற குழப்பம் வேண்டாம். 14 நாளுக்குள் ஒரே கடிதத்தில் இரண்டையும் குறிப்பிட்டுப் போட்டுவிடுங்கள். குவாசுலு நட்டால் மாகாணத் துறைகளின் டெண்டர்களுக்கென்று தனி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே காலக்கெடு சில வேலை நாட்கள்தான். "வழங்க உத்தேசம்" என்று வரும் அறிவிப்பிலேயே கெடு அச்சாகியிருக்கும், அன்றைக்கே படியுங்கள். டிசம்பர் நடுவில் கடை அடைக்கும் நேரத்தில் வரும் அறிவிப்புகளில் கூடுதல் கவனம் தேவை. 21 நாள் கிறிஸ்துமஸுக்காக நிற்காது.

உள்முறையீடு இருந்தும் அதைச் செய்யாமல் நேராக உயர் நீதிமன்றம் போனால், நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டத்தின் 7(2) பிரிவு வழியை அடைக்கும். எல்லோரும் பாஜா என்று சொல்லும் 2000ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் இது. இந்த வேலைக்கு அடிப்படை நூல் என்றால் அதுதான். அதற்கும் மேலே அரசியலமைப்பின் 217ஆம் பிரிவு நிற்கிறது. கொள்முதல் நியாயமாக, சமமாக, வெளிப்படையாக, போட்டியுள்ளதாக, செலவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

2024 ஜூலையில் ஜனாதிபதி கையெழுத்திட்ட 28ஆம் எண் பொதுக் கொள்முதல் சட்டம் மறுபரிசீலனை முறையையும் தனித் தீர்ப்பாயத்தையும் வகுத்திருக்கிறது. அதன் பிரிவுகள் பிரகடனத்தின் மூலம் நடைமுறைக்கு வருபவை. உங்கள் டெண்டர் விளம்பரமான தேதியில் எது நடப்பிலிருந்தது என்பதை வக்கீலிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

முதல் ஐந்து நாள்: மூன்று கடிதங்கள்

இவற்றை எழுத வக்கீல் தேவையில்லை. எழுதுவது ஆங்கிலத்தில். கோபம் ஒரு சொல்லில்கூடத் தெரியக் கூடாது. டெண்டர் எண், சிஎஸ்டி எனப்படும் மத்திய விநியோகர் தரவுத்தளத்தில் உங்கள் எம்ஏஏஏ பதிவு எண், அறிவிப்பு கிடைத்த தேதி மூன்றும் தலைப்பிலேயே இருக்கட்டும்.

முதலாவது காரணம் கேட்கும் கடிதம். பாஜா 5ஆம் பிரிவின் கீழ், முடிவு தெரிந்த 90 நாளுக்குள் கேட்க வேண்டும். பதில் தர அவர்களுக்கும் 90 நாள் உண்டு. அத்தனை நாள் காத்திருப்பதில் பயனில்லை, அதனால் ஏழு நாளில் தரும்படி வேண்டுகோள் வையுங்கள். சட்டக் கெடுவுக்குள்ளும் காரணம் தராவிட்டால், முடிவுக்கு நல்ல காரணம் இல்லை என்று நீதிமன்றம் அனுமானிக்க 5(3) இடம் தருகிறது. கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள்: ஒவ்வொரு மதிப்பீட்டுக் கட்டத்திலும் நம் புள்ளி, வென்றவரின் புள்ளி, வென்றவரின் மொத்த விலை, நாம் தகுதி நீக்கப்பட்டோமென்றால் எந்த விதிப்படி.

இரண்டாவது ஆவணம் கேட்கும் மனு. தகவல் அணுகல் சட்டத்தின் படிவம் 2ஐ டெண்டர் விட்ட அமைப்பின் தகவல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள். மூன்று குழுக்களின் ஆவணங்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விவரக்குறிப்புக் குழு, மதிப்பீட்டுக் குழு, தீர்ப்புக் குழு. கூட்டக் குறிப்பு, வருகைப் பதிவு, ஒவ்வோர் உறுப்பினரும் கையெழுத்திட்ட புள்ளித்தாள், சொந்த நலன் பற்றிய உறுதிமொழிப் படிவம், விண்ணப்பங்களின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்த கடிதங்கள். "எல்லா ஆவணமும்" என்று எழுதினால் எதுவும் வராது. வென்றவரின் வணிக ரகசியம் என்று 36ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதற்கு முன்கூட்டியே, விலை விவரத்தின் உட்கூறுகளை மறைத்துவிட்டு மொத்தத்தை மட்டும் தரலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம், கையெழுத்தாகியிருந்தால் வேலையைத் தொடங்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தரும்படி கேட்கும் கடிதம். பதிலுக்கு மூன்று வேலை நாள் கொடுங்கள். பதில் மறுப்பாக வந்தாலும் வராமலே போனாலும் அந்த மௌனம்தான் பின்னால் அவசர மனுவுக்கு அஸ்திவாரம். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புவதோடு நிற்காமல் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் அதிகாரிக்குத் தனியே போன் செய்வதும் "உள்ளே ஆள் தெரியும்" என்பவரைப் பிடிப்பதும் கூடாது. ஊழல் என்ற சொல்லை ஆதாரமில்லாமல் எழுதக் கூடாது. ஆதாரமே இருந்தால் அது வேறு விஷயம். 2004ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 1,00,000 ராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊழலை அறிந்த நிர்வாகி போலீசுக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது.

எங்கே உடைந்திருக்கும் என்று தேடுவது

"எங்கள் தீர்வு சிறந்தது" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. எது சிறந்தது என்று நீதிபதி பார்க்க மாட்டார். நடைமுறை எங்கே மீறப்பட்டது என்றுதான் பார்ப்பார். ஐடி டெண்டர்களில் அது உடையும் இடங்கள் பெரும்பாலும் இவை.

முதலில் கணக்கு. 2023 ஜனவரி 16 முதல் நடப்பிலுள்ள 2022 முன்னுரிமைக் கொள்முதல் ஒழுங்குமுறைகளின்படி 30,000 ராண்டிலிருந்து 5 கோடி ராண்டு வரை 80/20 (விலைக்கு 80 புள்ளி, பின்தங்கியிருந்தோரின் உரிமை போன்ற குறிப்பிட்ட இலக்குகளுக்கு 20), அதற்கு மேல் 90/10. விலைக்கான புள்ளி: உங்கள் விலையிலிருந்து மிகக் குறைந்த விலையைக் கழித்து, வருவதை அந்தக் குறைந்த விலையால் வகுத்து, 1இலிருந்து கழித்து, 80ஆல் பெருக்க வேண்டும். மிகக் குறைந்த விலை என்பது ஏற்கத்தக்க விண்ணப்பங்களில் மிகக் குறைந்தது. தகுதி நீக்கப்பட்டவரின் விலையை அதில் வைக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் விலை வாட் வரியோடு 1.08 கோடி ராண்டு. எதிர் நிறுவனம் 1 கோடி எழுதியிருக்கிறது. குழு அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு 80, உங்களுக்கு 73.6. குறிப்பிட்ட இலக்குகளுக்கான புள்ளி அவர்களுக்கு 12, உங்களுக்கு 16 என்று வைப்போம். மொத்தம் 92க்கு 89.6. தோல்வி. ஆனால் அவர்களுடைய விலைப் பட்டியலின் அடியில் "15 சதவீத வாட் சேர்க்கப்படவில்லை" என்று ஒரு வரி இருந்தால் உண்மை விலை 1.15 கோடி. இப்போது குறைந்த விலை உங்களுடையது. உங்களுக்கு 80, அவர்களுக்கு 74.8. மொத்தம் 96க்கு 86.8. விலை எல்லா வரியும் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று டெண்டரோடு வரும் எஸ்பிடி 6.1 படிவமே சொல்கிறது. இப்படி ஒரு வரி கையில் கிடைத்தால், 2000ஆம் ஆண்டின் 5ஆம் எண் முன்னுரிமைக் கொள்முதல் சட்டத்தின் 2(1)(f) பிரிவுதான் உங்கள் வாதம்: நியாயமான புறநிலைக் காரணம் இருந்தாலொழிய அதிகப் புள்ளி பெற்றவருக்கே தர வேண்டும். இதே வகைத் தவறு வேறு உருவங்களிலும் வரும். ஒருவர் 36 மாதத்துக்கு விலை சொல்லியிருக்க மற்றவர் 60 மாதத்துக்குச் சொல்லியிருப்பார். ஒருமுறைக் கட்டணத்தையும் மாதக் கட்டணத்தையும் ஒரே வரிசையில் கூட்டியிருப்பார்கள். உரிம விலை டாலரில் இருக்க, ஆளுக்கொரு மாற்று விகிதம் போட்டிருப்பார்கள்.

அடுத்தது செயல்திறன் மதிப்பீடு. நூற்றுக்கு 70 எடுத்தால்தான் விலைக் கட்டத்துக்குப் போகலாம் என்பது போல ஒரு வாசற்படி வைத்திருப்பார்கள். டெண்டரில் எழுதாத அளவுகோலைக் கொண்டு அளந்தார்களா என்று பாருங்கள். "திட்ட மேலாளருக்கு ஐந்து ஆண்டு அனுபவம்" என்று கேட்டுவிட்டு, "அரசுத் துறையில் ஐந்து ஆண்டு" என்று அளந்திருந்தால் அது மீறல். ஐந்து பேர் தனித்தனியே போட வேண்டிய புள்ளித்தாள்களில் எல்லாக் கட்டத்திலும் ஒரே எண், ஒரே பேனா என்றால் அதுவும் கேள்விக்குரியது. விவரக்குறிப்பில் ஒரே ஒரு நிறுவனத்தின் தயாரிப்பைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அதுவும் குறைதான். ஆனால் அதை டெண்டர் திறந்திருந்தபோதே கேள்வியாக எழுப்பியிருக்க வேண்டும். தோற்ற பிறகு முதன்முறையாகச் சொன்னால் "விளையாட்டு முடிந்தபின் விதியைக் குறை சொல்கிறார்" என்பார்கள்.

செல்லுபடிக் காலம் மிகச் சாதாரணமாக, மிக அடிக்கடி தவறும் இடம். 90 அல்லது 120 நாள் என்று டெண்டரில் இருக்கும். அது முடிவதற்கு முன் எல்லா விண்ணப்பதாரரிடமும் நீட்டிப்புக் கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கெடு முடிந்தபின் வழங்கிய ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நாட்காட்டியை வைத்து எண்ணிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

நகராட்சியில், மதிப்பீட்டுக் குழுவில் இருந்தவரே தீர்ப்புக் குழுவிலும் உட்காரக் கூடாது (மேலே சொன்ன விநியோகச் சங்கிலி ஒழுங்குமுறைகளின் 29ஆம் விதி). வருகைப் பதிவேடு கேட்கச் சொன்னது இதற்காகத்தான். டெண்டரே இல்லாமல் வேறொரு அரசு அமைப்பின் ஒப்பந்தத்தில் சேர்ந்துகொண்டு மென்பொருள் வாங்குவதும் ஐடியில் அதிகம். 32ஆம் விதி அதை அனுமதித்தாலும், மூல ஒப்பந்தம் போட்டி ஏலத்தில் கிடைத்ததா, வாங்குவது அதே பொருள்தானா என்று பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பக்கத்துக் குறை. தாளில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காக நீக்கியிருந்தால் 2007ஆம் ஆண்டின் மில்லேனியம் குப்பை மேலாண்மை வழக்கு துணை நிற்கும். சிறு தவறுக்காக நல்ல விண்ணப்பத்தைத் தள்ளுவது நியாயமில்லை என்றது அது. கட்டாயம் என்று அச்சிட்ட வரிச் சான்றிதழின் அசலையே வைக்காமல் விட்டிருந்தால் 2013ஆம் ஆண்டின் டாக்டர் ஜே. எஸ். மொரோகா நகராட்சி வழக்கு எதிரே நிற்கும். இதில் மனதைத் தேற்றிக்கொள்ளாமல் நேர்மையாக முடிவெடுங்கள். கட்டாய நிபந்தனையில் நாமே தவறியிருந்தால் பணத்தை வழக்கில் போடாமல் அடுத்த டெண்டரில் போடுவது நல்லது.

நீதிமன்றம் போவதென்றால்

உறுதி கேட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை, குறை ஒன்று கையில் இருக்கிறது என்றால் இப்போது அட்டர்னி. நிறுவனத்துக்காக இயக்குநரே உயர் நீதிமன்றத்தில் வாதாடுவது விதிவிலக்கான அனுமதியோடுதான் முடியும். சொத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்த குடும்ப வக்கீலிடம் போகாமல், நிர்வாகச் சட்ட மறுஆய்வு வழக்குகளை நடத்தியவரைத் தேடுங்கள். அவசர வழக்கின் செலவு லட்சக்கணக்கான ராண்டைத் தொடலாம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் சேரும். ஒப்பந்தத்தின் லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மனு இரண்டு பாகமாக இருக்கும். 'அ' பாகம் இடைக்காலத் தடை. முதல் பார்வையில் தெரியும் ஓர் உரிமை, பின்னால் சரிசெய்ய முடியாத பாதிப்பு, தடையால் வரும் சிரமம் யாருக்கு அதிகம் என்ற எடை, வேறு வழி இல்லாமை, இந்த நான்கையும் காட்ட வேண்டும். மூன்றாவதில்தான் ஐடி வழக்குகள் சறுக்கும். "தடை விதித்தால் மருத்துவமனை கணினி நின்றுவிடும்" என்று துறை சொல்லும். பழைய ஒப்பந்ததாரர் மாதாமாதம் தொடர வழி இருக்கிறதா, பழைய அமைப்பின் உரிமம் எந்தத் தேதி வரை என்று முன்கூட்டியே விசாரித்து மனுவில் எழுதுங்கள்.

'ஆ' பாகம் மறுஆய்வு. உயர் நீதிமன்ற விதிகளில் 53ஆம் விதிப்படி துறை 15 நீதிமன்ற நாட்களுக்குள் முழுப் பதிவையும் தாக்கல் செய்ய வேண்டும். குழுவில் நடந்த கலந்துரையாடலும் பதிவில் சேரும் என்று 2018இல் ஹெலன் சூஸ்மன் அறக்கட்டளை வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பதிவு வந்ததும்தான் உண்மை வெளிவரும். பதிவு கிடைத்த 10 நாளுக்குள் மனுவைத் திருத்தி, கூடுதல் பிரமாணப் பத்திரம் சேர்க்கலாம். முதலில் எழுதிய காரணங்களில் பாதியை இங்கே கைவிட நேரலாம், அதில் வெட்கமில்லை. பலமான இரண்டு காரணம் போதும்.

எல்லாவற்றுக்கும் வெளிக்கெடு 180 நாள். உள்முறையீடு முடிந்த நாளிலிருந்து, அல்லது முடிவும் காரணமும் தெரிந்த நாளிலிருந்து அது ஓடும். சட்டம் சொல்வது "நியாயமற்ற தாமதமின்றி, 180 நாளுக்கு மிகாமல்" என்பது. 170ஆம் நாள் போனவருக்கும் "ஏன் இவ்வளவு தாமதம்?" என்ற கேள்வி காத்திருக்கும்.

அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுக் காப்பாளரிடம் புகார் தரலாம், செலவில்லை, ஈராண்டு வரை காலம் உண்டு. ஆனால் அந்தப் புகார் ஒப்பந்தத்தை நிறுத்தாது. போட்டியாளர்கள் கூடிப்பேசி விலை வைத்ததாகத் தெரிந்தால் போட்டி ஆணையம். இவை வழக்கோடு சேர்த்துச் செய்பவை. அவற்றை நம்பி 180 நாளைக் கோட்டைவிடக் கூடாது.

வென்றால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் முடிவை ரத்துசெய்து, மறு மதிப்பீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஒப்பந்தத்தை நேராக உங்களுக்கே தருவது அரிது. 2015ஆம் ஆண்டின் ட்ரென்கான் வழக்கில் அது நடந்தது. அங்கே எல்லாக் கட்டமும் முடிந்து, அந்த ஒரு நிறுவனத்துக்குத்தான் போயிருக்கும் என்பது தெளிவாக இருந்தது. ஆகவே வழக்கு நடக்கும் மாதங்களில் உங்கள் விண்ணப்பம் உயிரோடு இருக்க வேண்டும். செல்லுபடி நீட்டிப்புக் கேட்டு வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அன்றே "சம்மதம்" என்று எழுதுங்கள். வரி இணக்க நிலை சிஎஸ்டியில் பச்சையாகவே இருக்கட்டும். தயாரிப்பாளர் தந்த அங்கீகாரக் கடிதம் காலாவதியாகுமுன் புதுப்பியுங்கள். விண்ணப்பத்தில் பெயர் கொடுத்த திட்ட மேலாளர் வேறு வேலைக்குப் போவதாக இருந்தால், அதே தகுதியுள்ள மாற்று ஆளின் தன்விவரமும் சான்றிதழ்களும் கோப்பில் தயாராக இருக்க வேண்டும்.